வழங்காத கை

‘நரம்பு’ என்னும் சொல் தமிழிற் பல பொருளுக்கு உரியது. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பே. முதியவரின் புறங்கையிற் பச்சையாகப் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயையும் மக்கள் நரம்பு என்கின்றனர். விரலை நீட்டும்போது தோலின் கீழே கயிறு போல எழும் தசைநாணுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. மருத்துவ நூல் கூறும் நரம்பு இவற்றுள் எதுவும் அன்று. அது தசைகளுக்கு இடையே ஆழத்திற் கிடக்கும் வெண்ணிறக் கயிறு, கண்ணுக்குத் தோன்றாது. மூளையும் முண்ணாணும் இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்வதும், தோலிற் பட்ட சூட்டையும் குளிரையும் தொடுகையையும் மூளைக்கு அறிவிப்பதும் அதன் பணி. கையில் வெட்டுப்பட்ட ஒருவர் ‘நரம்பு அறுந்துவிட்டது’ என்று கூறினால் அவர் எதனைக் கூறுகின்றார் என்பது தெளிவாவதில்லை. குருதிக்குழாய் அறுந்தால் அழுத்திப் பிடித்துக் குருதியை நிறுத்துவது முதற்கடமை. தசைநாண் அறுந்தால் அதனைத் தைத்துச் சில கிழமைகளிற் கையை இயக்கத் தொடங்கலாம். நரம்பு அறுந்தாலோ மாதக் கணக்கு, சில வேளை ஆண்டுக் கணக்கு. மூன்றுக்கும் பெயர் ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வெறும் நூலறிவு ஆகாது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் மக்களிற் பெரும்பாலோர் கையை நம்பி வாழ்பவர். மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டுவதும், தாக்கத்தி பிடித்து நெல்லரிவதும், நந்திக்கடலிலே வலை வீசுவதும், கிழிந்த வலையைப் பொத்துவதும், தையல் இயந்திரத்தின் ஊசியில் நூல் கோப்பதும் கையின் தொழில்களே. அந்த நிலத்தையே 1983 முதல் நீடித்த போர் உழுதுவிட்டு, 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. எறிகணைச் சிதறலோ துப்பாக்கிக் குண்டோ பட்டு, காயம் முற்றாக ஆறிய பின்னரும் கை ‘வழங்காத’ மக்கள் அங்கு இன்றும் உளர். வீதி விபத்திலும், மரத்தால் விழுந்தும், கண்ணாடி கிழித்தும் அந்நிலைக்கு ஆளாவோர் ஆண்டுதோறும் உளர். காயம் ஆறியும் கை ஏன் வழங்குவதில்லை? எவ்வளவு காலம் பொறுத்திருக்கலாம்? பொறுத்திருக்கும் காலத்திற் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது பயனுடைத்து.

இதனை விளங்கிக்கொள்ள வன்னிக் கமக்காரருக்குத் தொலைவிற் போக வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தையும் அதன் வாய்க்கால்களையும் நினைத்தாற் போதும். குளத்தில் நீர் நிறைந்திருக்கின்றது. துருசு திறந்ததும் நீர் பெருவாய்க்காலிற் பாய்ந்து, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து, வயல்தோறும் செல்கின்றது. இடையில் ஒரு வாய்க்கால் உடைந்துவிட்டால் குளத்திற்குக் கேடில்லை. வயலுக்கும் உடனே கேடில்லை. ஆனால் உடைப்புக்கு அப்பாலுள்ள வயல்கள் மட்டும் காய்கின்றன. எந்தெந்த வயல் காய்ந்தது, எது காயவில்லை என்பதைக் கேட்டறிந்தே, உடைப்பு எந்த வாய்க்காலில், ஏறத்தாழ எவ்விடத்தில் என்று பட்டறிவுடைய ஒருவர் கூறிவிடுவார். கையை ஆராயும் வைத்தியரும் அதனையே செய்கின்றார். மூளை குளம், நரம்பு வாய்க்கால், தசையும் தோலும் வயல். எந்த அசைவு போயிற்று, எவ்விடத்து உணர்ச்சி போயிற்று என்பவற்றைக் கண்டு, தோலைத் திறவாமலே நரம்பின் உடைப்பை அவர் காண்கின்றார்.

கழுத்துப் பகுதியின் முண்ணாணிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்படுகின்றன. அவை காறையென்பின் கீழே ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, அக்குளின் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. அப்பின்னலிலிருந்து வரும் நரம்புகள் பலவாயினும், மணிக்கட்டையும் விரல்களையும் ஆள்பவை மூன்று. அவை ஆரை நரம்பு, நடுநரம்பு, அரந்தி நரம்பு என்பன. மூன்றும் தத்தம் தொழிலைப் பகிர்ந்துகொண்டுள்ளன. கையை விரித்து நிமிர்த்துவது ஆரை நரம்பின் பணி. பெருவிரலைச் சுட்டுவிரலோடு சேர்த்து நுண்ணிய பொருளை எடுப்பது நடுநரம்பின் பணி. விரல்களை அகட்டுவதும் ஒடுக்குவதும், பிடிக்கு உரம் ஊட்டுவதும் அரந்தி நரம்பின் பணி.

ஆரை நரம்பு மேற்கையின் என்பைப் பின்புறமாகச் சுற்றி, என்போடு ஒட்டியே இறங்குகின்றது. ஆதலால் மேற்கையின் என்பு நடுவில் முறிந்தால் இந்நரம்புக்கும் ஊறு நேரலாம். இது பழுதுற்றவர் மணிக்கட்டை மேலே நிமிர்த்த மாட்டார். கை கீழ்நோக்கித் தொங்கும். விரல்களை அடியிலிருந்து நீட்டவும், பெருவிரலை விலக்கி உயர்த்தவும் இயலாது. இதில் வியப்பொன்று உண்டு. விரல்களை மடக்கும் தசைகள் இவருக்கு நலமாகவே உள்ளன. ஆயினும் மண்வெட்டிப் பிடியை இவரால் இறுகப் பற்ற முடிவதில்லை. காரணத்தை வானொலிக்கு முன்னே இருக்கும் நேயர் எவரும் தம் கையிலேயே கண்டுகொள்ளலாம். மணிக்கட்டை முற்றாகக் கீழே மடக்கி வைத்துக்கொண்டு, விரல்களைப் பொத்திப் பார்க்கட்டும். முட்டி இறுகுவதில்லை. மணிக்கட்டைச் சற்றே மேலே நிமிர்த்திப் பொத்தட்டும். உடனே இறுகும். பிடியின் வலிமை விரலில் மட்டும் இல்லை. அது மணிக்கட்டின் நிமிர்விலும் உள்ளது. ஆகவே மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் இலேசான தாங்கி ஒன்றைக் கட்டிவிட்டால், நரம்பு குணமாகும் முன்னரே இவருடைய பிடி பெரும்பாலும் திரும்புகின்றது.

நடுநரம்பு மேற்கையின் உட்புறமாக இறங்கி, முன்கையின் நடுவே சென்று, மணிக்கட்டின் ஒடுங்கிய சுரங்கம் ஒன்றின் வழியே உள்ளங்கையை அடைகின்றது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஆழமாக வெட்டும் கண்ணாடித் துண்டு முதலில் எட்டக்கூடிய நரம்பு இது. இது கெட்டால் பெருவிரலைத் திருப்பி ஏனைய விரல்களின் நுனிகளோடு எதிரெதிரே சேர்க்க இயலாது. பெருவிரலின் அடியிலுள்ள திரண்ட சதை நாளடைவில் வற்றிவிடும். முழங்கைக்கு மேலே கெட்டாலோ, கையைப் பொத்தும்போது சுட்டுவிரல் மடங்காது நீட்டியபடியே நிற்கும். இவற்றிலும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றின் உணர்ச்சியைத் தருவது இந்நரம்பே. கண்ணை மூடிக்கொண்டு சட்டைப்பையிலுள்ள நாணயத்தைத் தடவி அறிவது அவ்வுணர்ச்சியினால் அன்றோ! அதனை இழந்த கை கண் தெரியாத கை. ஊசி பிடித்தவர் ஊசி விரலில் உள்ளதா இல்லையா என்பதைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கும்.

அரந்தி நரம்பை எல்லாரும் அறிவர், பெயரைத்தான் அறியார். முழங்கையின் உட்புற மூட்டுப்புடைப்பு எதிலேனும் இடிபட்டவுடன் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல ஒரு விறைப்பு ஓடுகின்றதே, அது இந்நரம்பின் வேலை. அவ்விடத்தில் அது என்புக்கும் தோலுக்கும் இடையே காப்பின்றிக் கிடக்கின்றது. இது கெட்டால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கழுகின் நகம் போல வளைந்து நிற்கும். விரல்களை அகட்டவும் ஒடுக்கவும் இயலாது. புறங்கையில் என்புகளுக்கு இடையேயுள்ள சதை வற்றிப் பள்ளம் விழும். இங்கும் ஒரு வியப்பு உண்டு. இந்நரம்பு மணிக்கட்டில் அறுந்தவருக்கு விரல் வளைவு மிகுதி. முழங்கைக்கு மேலே அறுந்தவருக்கு அது குறைவு. ஊறு மேலே செல்லச் செல்ல, விரலை மடக்கி இழுக்கும் முன்கைத் தசையும் சேர்ந்து செயலிழப்பதே அதற்குக் காரணம். ஆகவே வளைவு குறைந்து தோன்றுவதைக் கண்டு ஊறு சிறிது என்று எண்ணிவிடலாகாது.

காயம் பட்டவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வோர் மூன்று எளிய சோதனைகளை அறிந்திருத்தல் நன்று. பெருவிரலை மேலே உயர்த்துமாறு கேட்டால் ஆரை நரம்பின் நிலை தெரியும். பெருவிரல் நுனியையும் சுட்டுவிரல் நுனியையும் சேர்த்து வட்டமிடச் சொன்னால் நடுநரம்பின் நிலை தெரியும். விரல்களை அகல விரிக்கச் சொன்னால் அரந்தி நரம்பின் நிலை தெரியும். பின்னர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையேயுள்ள புறங்கைத் தோல், சுட்டுவிரல் நுனி, சுண்டுவிரல் நுனி ஆகிய மூன்று இடங்களையும் முறையே தொட்டு, உணர்ச்சி உண்டா என்று கேட்க வேண்டும். இவை அனைத்துக்கும் ஒரு நிமிடமே செல்லும். கருவி எதுவும் வேண்டியதில்லை. எக்ஸ்கதிர்ப் படம் என்பைக் காட்டும்; நரம்பைக் காட்டாது. படத்தில் முறிவு இல்லை என்றதும் கைக்குக் கேடில்லை என்று வீடு திரும்புவது, உடைந்த வாய்க்காலைப் பாராமற் குளக்கட்டை மட்டும் பார்த்துத் திரும்புவதை ஒக்கும்.

இனி ஊறுபட்ட நரம்பினுள் நிகழ்வது யாது? 1850ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் அகஸ்தஸ் வோலர் என்பார் தவளையின் நாவுக்குச் செல்லும் நரம்புகளை வெட்டி ஆராய்ந்தார். வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி முழுவதும் சிதைந்து போவதை அவர் கண்டார். 1943ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரரை ஆராய்ந்துவந்த ஹேர்பேர்ட் செடன் என்னும் ஆங்கிலச் சத்திரசிகிச்சை வல்லுநர், நரம்பின் ஊறுகளை மூன்று படிகளாக வகுத்தார். முதற்படியில் நரம்பு அறுவதில்லை. அதிர்ச்சியினாலோ அழுத்தத்தினாலோ கட்டளை இடையில் தடைப்படுகின்றது. வாய்க்காலில் மண் அடைத்தது போன்ற நிலை இது. நாட்களில் அல்லது கிழமைகளில், மிஞ்சினால் மூன்று மாதத்திற்குள், தானே குணமாகும். இரண்டாம் படியில் உள்ளிருக்கும் நுண்ணிழைகள் அறுகின்றன. அவற்றைச் சுற்றிய உறைகள் எஞ்சியுள்ளன. நீர் வற்றியது, வாய்க்கால் இருக்கின்றது. இழைகள் அவ்வுறைகளின் வழியே மீண்டும் வளர்கின்றன. மூன்றாம் படியில் நரம்பு முற்றாகத் துண்டிக்கப்படுகின்றது. வளரும் இழைகள் செல்லும் வழி தெரியாது அறுந்த முனையிலேயே சுருண்டு முடிச்சாகின்றன. இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தாலன்றி இதற்கு உய்வில்லை.

வளரும் இழை எவ்வளவு விரைவில் வளரும் என்பதே அடுத்த கேள்வி. வளர்ந்தோரின் கையில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்; மாதத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். முழங்கையில் அறுந்த அரந்தி நரம்பு உள்ளங்கையின் சிறு தசைகளை அடைய முந்நூறு மில்லிமீற்றர் அளவு வளர வேண்டுமாயின், அதற்கு முந்நூறு நாள், அதாவது பத்து மாதம் செல்லும். வயலோ அதுவரை காத்திருக்க வேண்டும். நரம்பிழந்த தசை சிறிது சிறிதாக வற்றி, ஏறத்தாழ ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் நாராக மாறிவிடுகின்றது. அதன் பின்னர் நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை அசைவதில்லை. கருகிய சிறுபோகப் பயிருக்கு மாரியில் நீர் வந்தென்ன? தோலின் உணர்ச்சி தசையைவிட நீண்ட காலம் பொறுக்கும்; பிந்தியும் ஓரளவு திரும்பக்கூடும். ஆனால் அசைவுக்குக் கெடு உண்டு. நரம்பு ஊறுபட்ட நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகின்றது. காயம் ஆறுவதைக் கண்டு அது நிற்பதில்லை.

இந்தக் கடிகாரத்தை வன்னியின் 2009ஆம் ஆண்டோடு வைத்துப் பார்த்தால், அங்கு பல கைகளுக்கு நேர்ந்தது விளங்கும். அவ்வாண்டு சனவரி முதல் மே வரை, முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரம் நோக்கி ஒடுங்கிக்கொண்டே போன நிலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் நெருக்குண்டனர். பெப்ரவரி முற்பகுதியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகவே, நோயாளர் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டனர். அங்கும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக இடங்களிலே சிகிச்சை நடைபெற்றது. பெப்ரவரி நடுப்பகுதி முதல் மே 9 வரை, காயமுற்றோரும் நோயுற்றோரும் அவர்தம் துணைவருமாக 13,000இற்கும் மேற்பட்டோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாக வெளியேற்றியது. புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று அவர்களிற் பலரை ஏற்றுச் சிகிச்சை அளித்தது. இத்தகைய வேளையில் வைத்தியர் முதலிற் காப்பது உயிரை. அடுத்துக் காப்பது உறுப்பை. குருதியை நிறுத்துவதும், சிதைந்த சதையை அகற்றுவதும், சீழ் பிடியாமற் பார்ப்பதுமே அன்றைய கடமை. நரம்பைத் தைப்பதற்கோ உருப்பெருக்கும் கண்ணாடியும், மயிரிலும் மெல்லிய நூலும், அமைதியான சத்திரசிகிச்சைக்கூடமும், மணிக்கணக்கான பொழுதும் வேண்டும். அவை அந்த மணற்கரையில் இல்லை.

அதன் பின்னர் மக்கள் வவுனியா செட்டிகுளத்து மனிக் பாம் முதலான முகாம்களில் வைக்கப்பட்டனர். அம்முகாமின் கடைசிப் பகுதி 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. 2009 பெப்ரவரியில் மேற்கையில் நரம்பறுந்த ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குத் தசை காத்திருக்கும் கெடு 2010 ஓகஸ்டோடு ஏறத்தாழ முடிந்துவிடுகின்றது. காயம் ஆறிய வடு இருந்தது, குருதி இல்லை, நோவும் குறைந்தது. உறவினரைத் தேடுவதும், உணவு பெறுவதும், ஊர் திரும்புவதும் பெரிய கவலைகளாக நின்ற காலத்தில், தொங்கிய மணிக்கட்டு ஒரு கவலையாகத் தோன்றாமற் போனதில் வியப்பில்லை. கை வழங்காதது தம் விதி என்று இருந்துவிட்டவர்க்கு அதிலே குற்றமும் இல்லை. ஆனால் அது முழுதும் விதியன்று. கெடு கடந்த பின்னரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதனைக் கூறுமுன், இன்று புதிதாகக் காயம் படுவோர் செய்ய வேண்டுவதைக் கூறுதல் முறையாகும்.

கத்தியாலோ கண்ணாடியாலோ வெட்டுண்டு, அதற்கு அப்பால் உணர்ச்சியும் அசைவும் போயிருந்தால், நரம்பு அறுந்ததாகவே கொண்டு, சில நாட்களுக்குள் அதனைத் தைக்கக்கூடிய பெரிய வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். குண்டோ சிதறலோ பட்ட நரம்பும், என்பு முறிவோடு சேர்ந்து ஊறுபட்ட நரம்பும் பெரும்பாலும் அறுவதில்லை, நசுங்குகின்றன. ஆதலால் அவற்றை மூன்று மாதமளவு கவனித்துப் பார்ப்பது வழக்கம். கவனிப்பது என்பது சும்மா இருப்பதன்று. 1915ஆம் ஆண்டிற் பிரெஞ்சு வைத்தியர் ஜூல் தினெல் ஒரு வழியைக் கூறினார். நரம்பு செல்லும் தடத்தின் மேல் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு போனால், இழைகள் வளர்ந்து வந்துள்ள இடத்தில் விறுவிறென்று ஓர் உணர்வு விரலுக்குப் பாயும். அவ்விடம் மாதந்தோறும் கீழே இறங்கி வந்தால் நரம்பு வளர்கின்றது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தடையுண்டு. நின்றுவிட்டதெனின் திறந்து பார்த்து, சிதைந்த பகுதியை அகற்றி, காலிலிருந்து எடுத்த, அதிகம் பயன்படாத உணர்ச்சி நரம்பொன்றை இடையில் ஒட்டுப்போட்டுத் தைப்பர். ஆகவே ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று வைத்தியர் கூறினால், அந்தத் தவணை தவறலாகாத தவணை.

காத்திருக்கும் மாதங்களிற் கையின் உரிமையாளரே பெரிய வைத்தியர். அசைவற்ற மூட்டு இறுகிப்போகும். இறுகிய மூட்டுக்கு நரம்பு திரும்பி வந்தும் பயனில்லை. ஆகையால் நலமான கையால், ஊறுபட்ட கையின் ஒவ்வொரு மூட்டையும் அதன் எல்லை வரை மடக்கியும் நிமிர்த்தியும் நாள்தோறும் பலமுறை இயக்க வேண்டும். மணிக்கட்டை நிமிர்த்தியும் பெருவிரலை விலக்கியும் வைக்கும் தாங்கியை இயன்மருத்துவர் செய்து தருவார். அதனை அவர் கூறியவாறு அணிதல் வேண்டும். உணர்ச்சியற்ற விரலில் வியர்வையும் சுரப்பதில்லை. தோல் வறண்டு வெடிக்கும். அதனை நீரில் ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் பூசுதல் நன்று. அடுப்பிலிருந்து சட்டி இறக்கும்போது துணியை மடித்துப் பிடித்தல் வேண்டும். ஒவ்வொரு மாலையும் விளக்கொளியிற் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நோவு அறியாத விரலிற் சுட்ட புண்ணைக் கண்ணே காண வேண்டும் அல்லவா?

சிலருக்குத் துன்பம் வேறு வகையில் வரும். உணர்ச்சி போவதற்கு மாறாக, உள்ளங்கை நெருப்புப் போல எரியும். காற்றுப் பட்டாலும் தாங்காது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் நரம்புக் காயங்களை ஆராய்ந்த சைலஸ் வியர் மிச்செல் என்னும் வைத்தியர் 1864ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதினார். ஈரத்துணியைக் கையில் இடைவிடாது சுற்றியிருந்த வீரரை அவர் கண்டார். வெளிக்குக் காயம் ஆறியிருப்பதால் இவர்களைச் சுற்றத்தார் நம்பாதிருப்பதும் உண்டு. இந்த எரிவு பாசாங்கன்று. மனத்தின் கோழைத்தனமும் அன்று. ஊறுபட்ட நரம்பு எழுப்பும் ஓலம் அது. அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

இனி, கெடு கடந்தவரின் செய்தி. அதற்குத் தமிழ்நாட்டிலுள்ள வேலூருக்குச் செல்ல வேண்டும். போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர் 1914ஆம் ஆண்டிற் கொல்லிமலையிற் சமயத்தொண்டர் குடும்பத்திற் பிறந்தவர். இலண்டனிற் பயின்று, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஒருமுறை செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் வளைந்து முடங்கிய ஒருவரைத் தம் கையைப் பிடித்து அழுத்துமாறு கேட்டார். அந்தப் பிடி தாங்கொணாத வலிமையோடு இறுகியதென்று அவர் பின்னர் எழுதியுள்ளார். தொழுநோய் முழங்கையருகே அரந்தி நரம்பைத் தாக்குவதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செத்திருந்தன. முன்கையின் பெருந்தசைகளோ பெரும்பாலும் உயிரோடு இருந்தன. அவ்வாறாயின் உயிருள்ள தசை ஒன்றின் நாணை எடுத்து, செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினால் என்ன? தசைநாணை மாற்றும் முறை புதியதன்று. முதலாம் உலகப் போரில் மணிக்கட்டுத் தொங்கியவர்களுக்கு அதனைச் செய்தவர் பிரித்தானிய வைத்தியர் றொபேர்ட் ஜோன்ஸ். பிராண்ட் அதனைத் தொழுநோயாளரின் கைகளில் 1940களின் பிற்பகுதியிலிருந்து முறைப்படி செய்யத் தொடங்கினார். முடங்கிய கைகள் விரிந்தன. 1951ஆம் ஆண்டில் வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டு, சீராக்கிய கைகளுக்குத் தச்சு முதலிய தொழில்கள் பயிற்றப்பட்டன.

வன்னியின் காயங்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆரை நரம்பு கெட்டவருக்கு, மடக்கும் பக்கத்திலுள்ள தசைநாண்கள் சிலவற்றைப் பின்புறத்திற்கு மாற்றிக் கட்டி, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்த வைக்கலாம். இதற்கு நரம்பின் கடிகாரம் இல்லை. ஆண்டுகள் பல சென்ற பின்னரும் செய்யலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. மூட்டுகள் இறுகாதிருக்க வேண்டும். மாற்றுதற்குரிய வலிய தசை எஞ்சியிருக்க வேண்டும். மூன்றாவது, கையின் உரிமையாளர் பொறுமையோடு பழக வேண்டும். நேற்று வரை மடக்கிய தசை இன்று நிமிர்த்த வேண்டும். மூளை அதனைப் புதிதாகக் கற்க வேண்டும். முதலில் மடக்க நினைத்தே நிமிர்த்துவார். சில கிழமைகளின் பின் நினையாமலே நிமிர்த்துவார். எல்லாம் திரும்புமென்று கூறுதல் பொய்யாகும். இழந்த உணர்ச்சியைத் தசைநாண் தராது. மேற்கையிலே நடுநரம்பும் அரந்தி நரம்பும் சேர்ந்து அறுந்தவருக்கு உள்ளங்கையின் நுண்தொழில் முற்றாகத் திரும்புவது அரிது. ஆயினும் மண்வெட்டியைப் பிடிக்கும் பிடியும், தேநீர்க் குவளையைத் தூக்கும் பிடியும் சிறியவையல்ல.

வருமுன் காத்தற்குரியவை மூன்று. போரிற் காலிழந்தோர் பலர் ஊன்றுகோலால் நடக்கின்றனர். ஊன்றுகோலின் மேற்பிடியை அக்குளில் வைத்து உடலின் பாரத்தை அதன் மேல் இறக்கினால், அங்கு செல்லும் ஆரை நரம்பு நசுங்கி மணிக்கட்டுத் தொங்கும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். மேற்பிடிக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இரண்டாவது, பாம்பு கடித்த கையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் வழக்கம். அது நஞ்சைத் தடுப்பதற்கு உதவாது. குருதியோட்டத்தையும் நரம்பையும் கெடுக்கும். கையை அசையாமல் வைத்து விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே முறை. மூன்றாவது, என்பு முறிந்த கைக்கு இடும் கட்டு. முறிவு நெரிவு வைத்தியர் இட்ட மட்டையாயினும், வைத்தியசாலை இட்ட சாந்துக் கட்டாயினும், இட்ட பின் நோவு ஏறிக்கொண்டே போனாலும், விரலை நிமிர்த்தும்போது தாங்கொணாது நொந்தாலும், விரல் விறைத்தாலும், அக்கட்டை உடனே தளர்த்த வேண்டும். சில மணி நேரத் தாமதத்தில் முன்கைத் தசைகள் செத்து, கை வாழ்நாள் முழுதும் சுருங்கிவிடும்.

இவை யாவும் நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கப்படல் வேண்டும். இது புதிய கருத்தன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அவரது மனுஷ அங்காதிபாதம் 1872ஆம் ஆண்டில் வெளிவந்தது. நரம்பும் தசையும் என்பும் தமிழில் விளக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஏன் நாள்தோறும் விரலை மடக்கி நிமிர்த்த வேண்டும், எத்தனை மாதம் செல்லும், எந்நாளில் மீண்டும் வர வேண்டும் என்பவற்றைத் தெளிவாகக் கேட்டறிந்தவர் பயிற்சியைக் கைவிடார். கேளாதவர், பத்து நாளிற் பயன் காணாது, தாங்கியைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார்.

ஆகவே வன்னியிலே வழங்காத கையோடு வாழும் ஒருவர், காயம் எத்தனை ஆண்டு பழையதாயினும், ஒருமுறை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுள் ஒன்றுக்குச் சென்று, மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கெட்டது எந்த நரம்பு? என் மூட்டுகள் இறுகிவிட்டனவா, இளக்க இயலுமா? தசைநாண் மாற்றுதற்கு இடமுண்டா. உண்டெனின் எங்கே செல்ல வேண்டும்? விடை சாதகமாகவும் இருக்கலாம், பாதகமாகவும் இருக்கலாம். கேட்பதற்கு முன் அதனை எவரும் அறியார். அண்மையிற் காயமுற்றவரோ நாளையே செல்ல வேண்டும். அவருக்கு ஒவ்வொரு மாதமும் ஓர் அங்குலம்.